சுற்றறிக்கைக்கும் வகுப்பறைக்கும் நடுவே



என்னைப் பேச அழைத்திருக்கும் இந்த அறக்கட்டளை, ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் நிறுவியது. அவர் ஒரே ஒன்றியத்துக்குள் நான்கு பள்ளிகளில் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வுபெற்றவர் என்று தெரிந்தபோது, பேச வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். என் கதையும் ஏறக்குறைய அதுதான். 1989-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். நடுவில் ஆறு ஆண்டுகள் மாற்றுப் பணியில் வட்டார வள மையத்தில் இருந்தேன். 2024-ல் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக வெளியே வந்தேன். முப்பத்தைந்து ஆண்டும் திருவண்ணாமலை மாவட்டத்தில், மலையடிவாரத்து ஒன்றியம் ஒன்றிலேயே கழிந்தன.

கல்வி மாவட்டம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தரும் வாய்ப்புகளும் வளங்களும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். பட்டியல் போடத் தொடங்கினால் இன்று மாலை போதாது. விலையில்லாப் பாடநூல், நான்கு இணைச் சீருடை, பேருந்துப் பயண அட்டை, பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி. 1982-ல் இருந்து சத்துணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அந்தச் சட்டத்தால் என் பழைய மாணவி ஒருத்தி இன்று மருத்துவக் கல்லூரியில் இருக்கிறாள். இவ்வளவையும் கட்டியெழுப்பிய மாநிலம் நம்முடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் முப்பத்தைந்து ஆண்டில் என் மனதை அறுத்த கேள்வி வேறு. மாவட்டத் தலைநகரிலிருந்து புறப்பட்ட ஒரு நல்ல பொருள், ஒரு நல்ல வாய்ப்பு, கடைசிப் பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதற்குள் எங்கே நின்றுபோகிறது? அந்த வழியைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த பள்ளியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் வந்த பெட்டி. பள்ளிக்கு இரண்டு அறையாவது, இரண்டு ஆசிரியராவது, அடிப்படையான கற்பித்தல் பொருள்களாவது இருக்க வேண்டும் என்பதற்காக நாடு முழுவதும் கொண்டுவந்த திட்டம் அது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது எனக்கு ஏழு ஆண்டு தெரியாது. தலைமையாசிரியர் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துவைத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலைக் கூட்டுகிறவர். பிள்ளைகளுக்குத் தலைவலி என்றால் தன் வீட்டிலிருந்து கஞ்சி வரவழைப்பவர். பெட்டியைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: “தம்பி, எனக்கு முன்னால இருந்தவர் ரிட்டயர் ஆகும்போது ஒரு தராசு உடைஞ்சிருந்துச்சு. இருப்புப் பதிவேட்டுல இருக்குது, பொருள் இல்ல. தணிக்கைத் தடை போட்டுட்டாங்க. ஒரு தராசுக்காக அவரு பென்ஷன் பேப்பர் எட்டு மாசம் நின்னுச்சு. எனக்கு மூணு பொட்டப் பிள்ளைங்க.”

1996-ல் அவர் மாற்றலாகிப் போனார். பொறுப்பு என்னிடம் வந்தது. பெட்டியைத் திறந்தேன். காந்தம், பூதக்கண்ணாடி, சிறு கருவிப் பெட்டி, நிலப்படங்கள், ஒரு டோலக், ஓர் ஆர்மோனியம். ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது. அடியில் உலக உருண்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். உறையைப் பிரித்து மேசையில் வைத்ததும் நான்காம் வகுப்பு முழுவதும் அதன்மேல் சாய்ந்தது. அந்த உருண்டையில் சோவியத் ஒன்றியம் இருந்தது. அந்த நாடு கலைந்து அப்போது ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. ஒரு பையன் சுட்டுவிரலால் மெல்லச் சுற்றிவிட்டுக் கேட்டான், “சார், இதுல நம்ம மலை எங்க?” ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆண்டுக்கு ஒரு தொகுதியாக ஏழு தொகுதி, அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பள்ளியை விட்டுப் போயிருக்கிறார்கள்.

பொருள் வந்தது. பதிவேட்டில் ஏறியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் தம் கடமையைச் செய்தார்கள். பிள்ளையின் விரல் மட்டும் அதில் படவில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஒற்றைக் கேள்விக்குத் துணிவான பதில் மேலிருந்து வரவில்லை என்பதுதான் காரணம். இன்று மடிக்கணினியும் கைக்கணினியும் திறன் பலகையும் பள்ளிக்கு வருகின்றன. ஓர் ஊரில் கைக்கணினிகள் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தபோது, எனக்கு அந்த மரப்பெட்டியின் வாசனை வந்தது. பயன்படுத்தித் தேய்ந்த பொருளைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வழி எளிதாக இருந்தால், பூட்டுகள் தாமாகத் திறக்கும். பிள்ளை கை பட்டு உடைந்த பூதக்கண்ணாடி, பூட்டிவைத்த பூதக்கண்ணாடியைவிட நல்ல செலவு என்று எழுத்தில் தர ஒரு மாவட்ட அலுவலர் முன்வந்தால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 வாக்கில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பரவின. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்பதை அந்தந்த ஊரிலேயே எழுதினார்கள். கரும்பலகைக்குப் பூச்சு, ஒரு மணி, ஒரு கடிகாரம், ஓட்டைக் கூரைக்கு ஓடு, விளையாட ஒரு துண்டு நிலம். ஊரார் கூடி, இதை நான் தருகிறேன், அதை நீ தா என்று ஏற்றுக்கொண்டார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நன்கொடையின் அளவு அல்ல. பட்டியல் பள்ளியில் பிறந்து மேலே போனது. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அதே எண்ணம் சட்டத்துக்குள் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். என் பள்ளிக் குழுவின் தலைவி ஒரு சத்துணவு அமைப்பாளரின் மருமகள், எட்டாவது வரை படித்தவர். முதல் கூட்டத்தில் எல்லோரும் சுற்றுச்சுவர் கேட்டபோது அவர் மட்டும், “பொட்டப் பிள்ளைங்க கக்கூஸுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல சார். அதை எழுதுங்க மொதல்ல” என்றார். நானூறு ரூபாய் வேலை. அதுவரை அது எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் இல்லை. கழிப்பறை உண்டா, இல்லையா என்றுதான் படிவம் கேட்டது. உண்டு என்று நானும் ஆண்டுதோறும் எழுதி வந்திருக்கிறேன்.

இனி நடு அடுக்குக்கு வருகிறேன். வருவாய் மாவட்டத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலர், கல்வி மாவட்டத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலர், ஒன்றியத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர். இது நிர்வாகத்தின் ஏணி. இதற்குப் பக்கத்தில் இன்னோர் ஏணி இருக்கிறது. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், நாம் ‘டயட்’ என்று சொல்வது. 1994-ல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு வளர்ந்த வட்டார வள மையம். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம். முதல் ஏணி மேற்பார்வை செய்ய. இரண்டாவது ஏணி தோள் கொடுக்க. ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் தடுமாறும்போது, அதட்டாமல் வந்து பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே அதை அமைத்தார்கள்.

நான் வள மையத்துக்குப் போன முதல் இரண்டு ஆண்டும் அப்படித்தான் இருந்தது. வாரத்தில் நான்கு நாள் பள்ளிகளில். டி.வி.எஸ். வண்டியில் மலைப்பாதையில் போய், ஒரு வகுப்பைக் கையில் எடுத்துப் பாடம் நடத்தி, ஆசிரியரோடு சாப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்புவேன். அப்புறம் மெல்ல மாறியது. பள்ளிக்குள் நுழைந்ததும், “சார், எந்தப் படிவம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கழிப்பறை எண்ணிக்கை, ஆதார் எண்ணிக்கை, இடைநின்றோர் எண்ணிக்கை, மீண்டும் கழிப்பறை எண்ணிக்கை. தோள் கொடுக்கப் போனவன் புள்ளிவிவரம் வாங்குகிறவனாகத் திரும்பினேன். பின்னாளில் ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் மேலாண்மைச் செயலி வந்ததும் படிவம் கைப்பேசிக்குப் போனது. சில பதிவுகளை அண்மையில் குறைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் காலை ஒன்பதரை மணிக்கு, நெட்வொர்க் கிடைக்கும் இடம் தேடி வேப்பமரத்தடிக்குப் போய்க் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்கும் ஆசிரியையைப் பார்க்காத மலைப்பள்ளி இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அந்த இருபது நிமிடம் யாருடைய இருபது நிமிடம்?

குறுவள மையக் கூட்டம் என்ற ஒன்றை இங்கே பலர் சலிப்போடு நினைவுகூர்வீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வருகைக் கையெழுத்து, தேநீர், ஒரு காணொலி, கருத்துரைப் படிவம். அப்படிப் பல கூட்டங்களை நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

அன்று மின்சாரம் இல்லை. காணொலி ஓடாது. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஓராசிரியர் பள்ளியிலிருந்து வந்திருந்த டீச்சர் தன் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஈர்க்குச்சிகள், பத்துப் பத்தாக நூலால் கட்டியவை, கொஞ்சம் உதிரி. “எங்க பிள்ளைங்க கடன் வாங்கிக் கழிக்கிறதுல ஒரு வருசமா என்னை அழவெச்சாங்க சார். 52-ல 17 போனா எவ்வளவுன்னா 45-ம்பாங்க. ரெண்டுல ஏழு போகாதுன்னு ஏழுல ரெண்டக் கழிச்சிருவாங்க” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நாற்பது ஆசிரியர்களின் வகுப்பிலும் அதே பிழை.

அவர் ஐந்து கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் மேசையில் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, பதினேழு குச்சி எடுக்கச் சொன்னார். ஒரு கட்டை எடுத்தேன். இன்னும் ஏழு வேண்டும். உதிரி இரண்டுதான். கை தானாக இன்னொரு கட்டின் நூலை அவிழ்த்தது. “இவ்வளவுதான் சார். கடன்ங்கிற வார்த்தையையே நான் விட்டுட்டேன். ‘கட்டைப் பிரி’ன்னு சொல்றேன். ஏன்னா ஒரு பிள்ளை கேட்டுச்சு, ‘பக்கத்து வீட்டுல கடன் வாங்கினமே, எப்ப டீச்சர் திருப்பிக் குடுப்போம்?’னு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.”

அந்த அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நானே பதினைந்து ஆண்டு கடன் வாங்கக் கற்பித்தவன். அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. எதையும் யாரிடமும் வாங்கவில்லை. ஒரு பத்து, பத்து ஒன்றாகப் பிரிந்தது, அவ்வளவே. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் தங்கள் தங்கள் கட்டுகளோடு வந்தார்கள். ஒருவர் ஈர்க்குச்சிக்குப் பதில் புளியங்கொட்டையைச் சிறு துணிமுடிச்சில் பத்துப் பத்தாக முடிந்திருந்தார். நூறு காட்ட என்ன செய்வது என்று சண்டை வந்தது. கல்வியைப் பற்றி ஆசிரியர்கள் மனதாரச் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான். ஒரு ரூபாய் செலவில்லை. அந்த ஓராசிரியர் பள்ளியை அதுவரை எந்த மாவட்ட அறிக்கையும் வளம் என்று குறித்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு கல்வி மாவட்டத்தின் பெரிய வளம் அதன் ஆசிரியர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்க நேரமும் வழியும் அமைத்துக் கொடுப்பதுதான் மாவட்டம் செய்யத்தக்க பெரிய உதவி. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கியபோது, அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முதலில் செய்தது ஆசிரியர்களை ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பியதுதான். பிள்ளைகள் தாமாக அட்டை எடுத்து, ஏணிப்படியில் தம் இடம் பார்த்து, தரையோடு ஒட்டிய கரும்பலகையில் எழுதுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள். கண்டவர்கள் செய்தார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் ஆணையாக வந்தபோது எங்களுக்கு அட்டை வந்தது, காட்சி வரவில்லை. நல்ல பள்ளிகளில் அது பூத்தது. பல பள்ளிகளில் கிழிந்த அட்டைகளோடு சோர்ந்தது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். எண்ணம் சரியானது. நான் அதை முழு மனதோடு நடத்தினேன். மூன்று நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதைக் கையேடு சொல்லும். ஆனால் அதைச் செய்து காட்டும் பக்கத்துப் பள்ளி ஆசிரியையிடம் அரை நாள் இருந்தால்தான் கைக்கு வரும்.

பயிற்சி வாய்ப்புகளும் அப்படியே. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் பயிற்சி, ஐதராபாத்தில் பொம்மலாட்டமும் கைவினையும் கற்றுத்தரும் பண்பாட்டுப் பயிற்சி, டயட்டில் செயலாராய்ச்சி என்று சுற்றறிக்கைகள் வருகின்றன. யார் போகிறார்கள்? நகரை ஒட்டிய, பத்து ஆசிரியர் இருக்கும் பள்ளியிலிருந்து போகிறார்கள். திரும்பத் திரும்ப அதே முகங்கள். அவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பதினைந்து நாள் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் சுமக்க வேண்டும். அதனால் அவரே, “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லத் தயங்குவார். தயங்குவது தெரிந்து இவரும் கேட்கமாட்டார். ஒன்றியத்துக்கு இரண்டு பதிலி ஆசிரியரை மாவட்டம் ஒதுக்கிவைத்தால், மலைப்பள்ளி ஆசிரியருக்கு மைசூரு எட்டும். அதை ஒருமுறை கூட்டத்தில் எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். வர இயலாத பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள். மிகக் குறைந்த தொகுப்பூதியத்தில் மிகக் கடினமான வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஊதியம் தரும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2024–25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கொள்கை விவாதம் டெல்லியிலும் சென்னையிலும் நடக்கட்டும். நடக்கத்தான் வேண்டும். நடக்க முடியாத பிள்ளையின் கால்பயிற்சியை அந்த விவாதத்துக்குப் பிணையாக வைக்கக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். என் பள்ளிக்கு இருநூறு அடி தூரத்தில் ஊர்ப்புற நூலகம் இருந்தது. இயக்ககம் வேறு என்பதால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு நாள் நூலகரைப் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அங்கே மாற்றினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இப்போது வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்ன நூல்கள் பள்ளிக்கே வருகின்றன. ஆசிரியருக்கு ‘கனவு ஆசிரியர்’, பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்களும் வருகின்றன. பிள்ளைகள் கசக்கிப் படிக்கட்டும்.

கடைசியாக, சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறனுக்கு 90 வினா, படிப்புத் திறனுக்கு 90 வினா. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது பெண்ணை நிறுத்தாமல் படிக்கவைக்கும் பணம். 2018-ல் என் பள்ளியிலிருந்து ஒரு பெண் தேர்வானாள். எங்கள் பள்ளியில் அதுவே முதல் தேர்ச்சி. மாலை நேரத்தில் ஆறு மாதம் அவளுக்கும் இன்னும் எட்டுப் பேருக்கும் பயிற்சி கொடுத்திருந்தோம். முடிவு வந்த அன்று பள்ளிக்கே சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றியத்தில் பாராட்டினார்கள். ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தேன்.

தேர்வானால் மட்டும் பணம் வராது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, வருமானச் சான்று, பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியரிடமிருந்து சாதிச் சான்று. அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். இதை யார் செய்வது? என் பள்ளியைவிட்டுப் போய்விட்டாள், இனி அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று நான் இருந்தேன். அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் தேர்வில் வென்றவள் எவள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவளோ, பணம் தானாக வரும் என்று இருந்தாள். கடைசித் தேதி கடந்தது. எனக்கு அது தெரிந்தது அடுத்த ஆண்டு, சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தபோது. “அந்தப் பணம் இன்னும் வரலீங்களே சார்” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தேன். எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடும் அரைத்தாள் ஒன்றைக் குத்தூசியால் சேர்த்துக் கொடுப்பேன். என்ன உதவித்தொகை, விண்ணப்ப எண் என்ன, எந்த வங்கிக் கணக்கு, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு, பதினொன்றில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு உண்டு, மாதம் 1,500 ரூபாய் என்று பெரிய எழுத்தில். இன்னொரு படியை எடுத்துக்கொண்டு நானே உயர்நிலைப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். ஜூன் முதல் வாரத்தில் ஒரு பகல். அவ்வளவுதான் வேலை. எங்கள் குறுவள மையத்தில் ஏழு பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

2023-ல், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். பத்தாவதோடு நின்று, செய்யாறு பக்கம் காலணித் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை நான்கரைக்குக் கம்பெனி பஸ் ஊருக்கு வரும். நீலச் சீருடையோடே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

“தம்பி உங்ககிட்ட எட்டாவது படிக்கிறான் சார். அந்தப் பரீட்சைக்கு அப்ளிகேஷன் எப்போ வரும்?”

கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தாள். தம்பியின் வருமானச் சான்று, சாதிச் சான்று, அவன் பெயரில் திறந்த வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தாள். எல்லாவற்றிலும் இரண்டு படி இருந்தது. “ஒண்ணு உங்களுக்கு சார். ஒண்ணு அவன் அடுத்து போற ஸ்கூலுக்கு.”